கண்டேனர் கதவில் போடும் ‘சீல்’: எதைக் கொண்டு வெட்டுவது? கிரைண்டரா, கட்டரா?

5 பிப்ரவரி 2024, இரவு 9.20

இன்று மலேசியாவின் பந்திங் பக்கமிருந்து வந்த கேள்வியை அப்படியே போடுகிறேன். சீல் என்பது, யாராவது திறந்தால் தெரியும்படி கண்டேனர் கதவில் மாட்டும், எண் போட்ட முத்திரை.

“அண்ணே, பந்திங் டவுனுக்கு வெளியே சின்ன ஸ்டோர் வெச்சிருக்கோம். மரச்சாமான் பாகம், ஹார்ட்வேர் எல்லாம் கண்டேனர்ல வரும். சீல் அறுக்க ஒவ்வொரு தடவையும் பக்கத்து வொர்க்‌ஷாப்ல கிரைண்டர் கடன் கேக்குறோம். தௌக்கே (முதலாளி) சொல்றாரு, சொந்தமா ஒரு கிரைண்டர் வாங்கிப் போட்டா கதை முடிஞ்சிதுன்னு. சரிதானா? இல்ல கட்டர்தான் வேணுமா? கட்டர்னா என்ன சைஸ்?”

கிரைண்டர் வேண்டாம் தம்பி. தௌக்கேயிடம் நான் சொன்னதாகவே சொல்.

முதலில் தீப்பொறி. கதவு ஓரத்தில் கறுப்பு ரப்பர் பட்டை ஓடுகிறதே, மழைத்தண்ணீர் உள்ளே போகாமல் காப்பது அதுதான். பொறி பட்டால் பொசுங்கும். உள்ளே அட்டைப்பெட்டியும் பிளாஸ்டிக்கும் கதவோடு ஒட்டி நிற்கும். அடுத்தது, கை வழுக்கினால் தட்டு சீலை விட்டுவிட்டுக் கைப்பிடியையோ அதைத் தாங்கும் காதையோ தின்னும். கண்டேனர் உன்னுடையது அல்ல, கப்பல் கம்பெனியுடையது. காலி கண்டேனரைத் திருப்பி அனுப்பும்போது டெப்போவில் சுற்றிப் பார்த்துப் பழுதுக்குப் பில் போடுவார்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய காரணம், சூட்டில் சீலின் பிளாஸ்டிக் உறை உருகிப் போகும். எண் அச்சடித்திருப்பது அந்த உறையில்தான். எண் போனால் சீல் போனது. அது ஏன் முக்கியம் என்று பிறகு எழுதுகிறேன், இப்போது தூக்கம் வருகிறது. சீனப் பெருநாளுக்கு முந்தின வாரம், யார்டில் லோரி வரிசை மெயின் ரோடு வரைக்கும் நிற்கிறது.

போல்ட் கட்டர் வாங்கு. 30 அங்குலம்.


6 பிப்ரவரி, மதியச் சாப்பாட்டு நேரம்

சுங்கை பட்டாணியிலிருந்து ஒருவர்: “கட்டரே தேவையில்லை. ஒரு கனமான சுத்தியல், ஒரு உளி. ரெண்டு தட்டு. இருபது வருஷமா அப்படித்தான்.”

இருபது வருஷம் கண் தப்பியது அவர் அதிர்ஷ்டம். உளியில் வெட்டுப்படும் ஊசி எந்தப் பக்கம் பறக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதோடு அடி முழுவதும் கதவுக் கைப்பிடியின் ரிவெட்டில் போய் இறங்கும். ரிவெட் ஆடிப்போன கதவை அடுத்த இடத்தில் யாராவது சோதித்தால், திருடன் கை வைத்ததாகத்தான் நினைப்பார்கள்.


6 பிப்ரவரி, இரவு

கேட்ட தம்பி ‘சீல்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் ஒரே கருவியில் வெட்ட முடியாது. இந்தப் பக்கத்து ஸ்டோர்களில் வருகிறவை இவை.

போல்ட் சீல். நூற்றுக்குத் தொண்ணூறு இதுதான் என்று நம் வாயில் வரும், எண்ணிப் பார்த்தவர் இல்லை. மேலே தலையுள்ள ஒரு தடித்த ஊசி, கீழே அதைப் பிடித்துக்கொள்ளும் குப்பி. ஊசியைக் குப்பிக்குள் ‘டக்’ என்று அழுத்தினால் திரும்ப வராது. ஊசியின் எஃகு ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் இருக்கும், மேலே பிளாஸ்டிக் போர்த்தியிருப்பதால் இன்னும் தடியாகத் தெரியும். பார்த்துப் பயப்பட வேண்டாம், நல்ல கட்டரில் விழுந்துவிடும்.

கேபிள் சீல். முறுக்கிய கம்பி வடத்தை ஒரு சின்ன அலுமினியப் பெட்டிக்குள் இழுத்து இறுக்குவது. இதைப் போல்ட் கட்டரில் வெட்டப்போனால் கட்டரின் வாய் வடத்தைக் கரும்புச் சக்கை மாதிரி நசுக்கும், ஆனால் நாலைந்து இழை அறுபடாமல் நிற்கும். அப்புறம் அதைப் பிடித்து இழுத்துக் கையில் குத்திக்கொள்வார்கள். இதற்கு வளைந்த வாயுள்ள கேபிள் கட்டர் வேண்டும், வயரிங் வேலைக்காரர்களிடம் இருப்பது போதாது, எஃகு வடத்துக்கென்று விற்பதைக் கேட்டு வாங்க வேண்டும். வெட்டியதும் இழைகள் பிரிந்து விரியும். அது குறை இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். பிரிந்த வடத்தைத் திரும்ப ஓட்டைக்குள் நுழைக்க முடியக்கூடாது என்பதற்காக.

தகரப் பட்டை சீல், பிளாஸ்டிக் சீல். இதெல்லாம் உள்ளூர்ப் பெட்டி லோரிகளில், தபால் வேன்களில். பக்கவாட்டு பிளையர் போதும். தகரப் பட்டையைக் கையாலேயே முறுக்கிப் பிய்ப்பார்கள், அந்த ஓரம் பிளேடு. கையுறை போடுங்கள்.

பார் சீல். கதவின் இரண்டு நெட்டுக் கம்பிகளையும் சேர்த்துக் கட்டும் பெரிய இரும்புப் பட்டை. விலை கூடின சரக்கில் வரும். இதற்கு 30 அங்குலக் கட்டர் மல்லுக்கட்டும். பெரிய கிடங்குகளில் பேட்டரியில் ஓடும் ஹைட்ராலிக் கட்டர் வைத்திருக்கிறார்கள். மாதத்துக்கு ரெண்டு மூன்று கண்டேனர் இறக்குகிற ஸ்டோருக்கு அது ஆடம்பரம்.


7 பிப்ரவரி

‘36 அங்குலம்தான் ராஜா’ என்று கிள்ளானிலிருந்து ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். கைப்பிடி நீளமாக இருந்தால் நெம்பு கூடும், அது நியாயம்தான். ஆனால் அவர் இருப்பது துறைமுகத்துப் பக்கம், அங்கே கண்டேனரைத் தரையில் இறக்கி வைத்திருப்பார்கள்.

நம் ஊரில் கண்டேனர் டிரெய்லர் மேலேயே நிற்கும். டிரெய்லர் தட்டே நெஞ்சு உயரம். அதற்கு மேல் கதவுக் கைப்பிடி. சீல் நம் தலைக்கு மேலே போய்விடும். லோடிங் டாக் இருக்கிற இடத்திலும் கதை மாறாது, கதவு வெளிப்பக்கம் திறப்பதால் டாக்கில் ரிவர்ஸ் எடுப்பதற்கு முன்னாலேயே, கீழே நின்றுதான் சீலை வெட்டிக் கதவை மடக்க வேண்டும். 36 அங்குல இரும்பை அண்ணாந்து தூக்கிப் பிடித்து, இரண்டு கையையும் அகல விரித்து, பிறகு அழுத்திப் பாருங்கள். தோள் போய்விடும். 24 அங்குலம் தூக்க லேசு, ஆனால் ஒல்லியான ஆள் அழுத்தினால் தொங்குவார். அதனால்தான் 30 சொன்னேன்.

ஃபோர்க்லிஃப்ட் முள்ளில் ஏறி நின்று வெட்டாதீர்கள். அகலப் படியுள்ள ஒரு ஸ்டூல் செய்து வைத்துக்கொள்ளலாம்.


7 பிப்ரவரி, இரவு

இன்னொன்று. சைஸை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். நல்ல கட்டரின் கைப்பிடியிலோ அட்டையிலோ இரண்டு மூன்று எண் போட்டிருக்கும், மெல்லிய இரும்புக்கு இத்தனை மில்லிமீட்டர், கடின எஃகுக்கு இத்தனை என்று. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கிற கட்டரில் மெல்லிய இரும்பின் எண்ணை மட்டும் பெரிதாகப் போடுவார்கள். கடினத்துக்கான எண் 8 மில்லிமீட்டராவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 24 அங்குலமே போதும் என்றும் சொல்வேன். ஆக நேற்றும் இன்றும் நான் 30, 30 என்று அடித்துச் சொன்னதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். சைஸைவிட வாயின் தரம்தான் பெரிது.


9 பிப்ரவரி

வெட்டும் முறை கேட்டிருக்கிறார்கள். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை, ஆனால் அவசரக்காரர்கள் கட்டரின் நுனியில் வெட்டுவார்கள். ஊசியை வாயின் அடிக்குள், ஆணி இருக்கிற பக்கம் ஒட்டி வைக்க வேண்டும். பலம் அங்கேதான். தலைக்கும் குப்பிக்கும் நடுவே தெரிகிற ஊசியில், நேர்க்குறுக்காக. அழுத்தும்போது கட்டரைத் திருகக்கூடாது. திருகினால் ஊசிக்கு ஒன்றும் ஆகாது, கட்டரின் பல்தான் தெறிக்கும்.

கண்ணாடி போடுங்கள். அண்ணாந்து பார்த்து வெட்டுகிறோம், விழுவது முகத்தில்தான். கெலிண்டன் (லோரி உதவியாள்) பக்கத்தில் வந்து நின்று வேடிக்கை பார்ப்பான், அவனைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

சில கண்டேனரில் சீல் போடும் காது உள்ளே தள்ளி இருக்கும், கட்டர் வாய் நுழையாது. தலை சாய்ந்த கட்டர் கிடைக்கிறது, அது நுழையும். கையில் இல்லையென்றால் நிதானமாக ரம்பத்தில் அறுக்கலாம் என்பார்கள். அறுக்க முடியாது, ஊசி சுற்றிக்கொண்டே இருக்கும்.


9 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

நாளை சீனப் பெருநாள். தௌக்கே ஆரஞ்சுப் பெட்டி அனுப்பியிருக்கிறார். அதிலும் ஒரு பிளாஸ்டிக் டேக் சீல். பிள்ளைகள் பல்லால் கடித்துத் திறந்துவிட்டார்கள். கருவிப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.


14 பிப்ரவரி

ஒருவர் தனியாகக் கேட்டார், பொதுவிலேயே பதில் சொல்கிறேன். “அண்ணே, சீலை உடைக்காம கழட்டி, உள்ள பாத்துட்டு, அதே சீலைத் திரும்பப் போட வழி இருக்கா? தப்பான சாமான ஏத்திட்டோம்னு சந்தேகம், ஆனா புது சீல் நம்பர் போட்டா டாக்குமெண்ட் எல்லாம் மாத்தணும்.”

இல்லை. இருந்தாலும் சொல்ல மாட்டேன். உங்கள் சரக்கு, நீங்களே போட்ட சீல், கண்டேனர் இன்னும் உங்கள் வாசலைத் தாண்டவில்லை என்றால் வெட்டுங்கள், பாருங்கள், புது சீல் போடுங்கள், கஸ்டம்ஸ், கப்பல் பேப்பரைப் பார்க்கும் ஃபார்வர்டிங் ஏஜெண்டுக்குப் போன் அடித்துப் புது எண்ணைக் கொடுங்கள். பேப்பர் மாற்றும் தொல்லை ஒரு மதியத்தோடு போகும். தாண்டிவிட்டது என்றால் தொடவே தொடாதீர்கள்.


15 பிப்ரவரி, இரவு

எண் ஏன் முக்கியம் என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். கேட்டவர்கள் எல்லாரும் கட்டரைப் பற்றியே கேட்கிறார்கள். என் எண்ணத்தில் கட்டர் பாதி விஷயம்கூட இல்லை. வெட்டுவதற்கு முந்தின ஐந்து நிமிஷத்தில்தான் காசு இருக்கிறது.

கண்டேனர் சரக்குக்குக் கப்பல் கம்பெனி கொடுக்கிற பில் ஆஃப் லேடிங்கைப் படித்துப் பாருங்கள். சரக்கை ஏற்றியதும் அடுக்கியதும் எண்ணியதும் அனுப்பியவர்தான், உள்ளே இன்னது இருப்பதாக அவர் சொல்கிறார், நாங்கள் பார்க்கவில்லை என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதாவது, அவர்கள் ஒப்புக்கொண்டது ஒரு மூடின பெட்டியை. அந்தப் பெட்டி அதே சீலோடு வந்து சேர்ந்துவிட்டால் அவர்கள் கடமை ஏறக்குறைய முடிந்தது. உள்ளே பத்துப் பெட்டி குறைந்தால் நீங்கள் அனுப்பியவனிடம் போக வேண்டும். சீல் வேறாக இருந்தால், உடைந்திருந்தால், பேச்சே வேறு.

ஆனால் அது வேறாக இருந்தது என்று எப்படிக் காட்டுவீர்கள்? வெட்டி வீசிவிட்டு, டி.ஓ. என்கிற டெலிவரி ஆர்டரில் ‘சரக்கு நல்ல நிலையில், சீல் சரியாக இருந்தது’ என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்த பிறகு?

எனக்குத் தெரிந்த ஒரு ஸ்டோரில் இது நடந்தது. காலையில் லோரி வந்தது, டிரைவர் அடுத்த டிரிப்புக்கு அவசரப்படுத்தினார், பையன் வெட்டினான், கிராணி (கணக்குப்பிள்ளை) கையெழுத்துப் போட்டார். பாதி இறக்கிய பிறகு நடு வரிசை பள்ளமாக இருந்தது. சீலைத் தேடினால் ஒரு துண்டு வடிகாலில், மற்றது காணோம். கிடைத்த துண்டில் எண் சுரண்டுப்பட்டு இருந்தது. இன்ஷூரன்ஸ்காரர் வந்து கேட்ட முதல் கேள்வி சரக்கைப் பற்றி இல்லை. “சீல் எங்கே?”

ஆகவே, லோரி நின்றதும் கட்டரைத் தொடுவதற்கு முன்னால் பேப்பரைக் கையில் எடுங்கள். கண்டேனர் எண், நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும், பேப்பரோடு ஒத்துப்போகிறதா. சீல் எண் ஒத்துப்போகிறதா. ஊசியிலும் குப்பியிலும் எண் இருந்தால் இரண்டும் ஒன்றா. இது பெரும்பாலோர் பார்க்காதது. பிறகு சீலைக் கையில் பிடித்து இழுத்துப் பாருங்கள், திருகிப் பாருங்கள். சரியான சீல் சுற்றலாம், கழன்று வரக்கூடாது. பிசின் தடவிய மாதிரி, சொரசொரப்பாக, நிறம் மாறியிருந்தால் நிறுத்துங்கள். கைப்பிடியைக் கதவோடு பிடித்திருக்கும் ரிவெட்டைப் பாருங்கள். சுற்றிலும் பழைய பெயின்ட், ரிவெட் தலை மட்டும் புதுசு என்றால், சீல் சரியாக இருந்தாலும் கதவைத் திறக்காதீர்கள். சீலைத் தொடாமலே கதவைத் திறந்தவர்கள் உண்டு.

போனில் படம் எடுங்கள். தூரத்திலிருந்து கதவு முழுசாக, கிட்டே சீல் எண், வெட்டிய பிறகு துண்டுகள். டிரைவரும் அந்தப் படத்தில் இருந்தால் நல்லது, கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.


16 பிப்ரவரி

நேற்று எழுதியதற்குச் சிரம்பான் பக்கம் இருந்து ஒரு ஃபார்வர்டிங் தங்கச்சியின் குறிப்பு: “எண் மாறினாலே திருட்டுன்னு எழுதாதீங்கண்ணே. துறைமுகத்துல சோதனைக்குத் திறந்தா பழைய சீலை வெட்டிட்டுப் புதுசு போடுவாங்க. அது எங்க கையில பேப்பரா இருக்கும்.”

சரிதான். கஸ்டம்ஸ் திறந்து பார்த்திருக்கலாம், செடி, விதை, உணவுச் சரக்கு என்றால் தொற்றுத் தடுப்புச் சோதனை இலாகாவான மாக்கிஸ் பார்த்திருக்கலாம். எண் மாறியிருந்தால் முதல் போன் ஏஜெண்டுக்கு. அவர் பேப்பர் காட்டினால் வெட்டுங்கள். காட்ட முடியாவிட்டால் டிரைவரை வைத்துக்கொண்டு டி.ஓ.விலேயே எழுதுங்கள், பேப்பரில் இந்த எண், கதவில் அந்த எண் என்று. டிரைவர் கையெழுத்தும் வாங்குங்கள். பிறகு கப்பல் கம்பெனிக்கும் இன்ஷூரன்ஸுக்கும் சொல்லிவிட்டு, அவர்கள் சொன்னபடி.

அவரே இன்னொன்றும் எழுதியிருக்கிறார். வரி கட்டாத சரக்கு, கே8 என்கிற கஸ்டம்ஸ் பாரத்தில் பாண்டட் கிடங்குக்கோ (வரி கட்டும்வரை சரக்கை வைக்கும் இடம்) உரிமம் பெற்ற தொழிற்சாலைக்கோ போவது, கஸ்டம்ஸ் சீலோடு வரும். அதை நாம் வெட்டக்கூடாது. அதிகாரி வர வேண்டும், இல்லையென்றால் அவர் அனுமதி பேப்பரில் வர வேண்டும். 1967ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தில் அது குற்றம். தெலுக் பங்லிமா காராங் வட்டாரத்தில் ஃப்ரீ ட்ரேட் ஸோன் இருப்பதால் இப்படிப்பட்ட கண்டேனர் நம் ரோட்டில் நிறைய ஓடும். கதவில் இரண்டு சீல் தொங்கினால் எது யாருடையது என்று கேட்டுக்கொண்டுதான் கட்டரை எடுக்க வேண்டும்.


21 பிப்ரவரி

“அண்ணே நீங்க எங்க இதெல்லாம் கத்துக்கிட்டீங்க?” என்று ஒரு கேள்வி.

செம்பனை ஆலையில். ஸ்டோர் வேலைக்கு வருவதற்கு முன்னால் தோட்டத்து ஆலையில் டிஸ்பேட்ச் கிராணி. கச்சா செம்பனை எண்ணெய் ஏற்ற டேங்கர் வரும், எடை பார்க்கும் பாலத்தில் காலியாக ஏறும், எண்ணெய் நிரப்பித் திரும்ப ஏறும். நிரப்பியதும் மேலே மேன்ஹோல் மூடிக்கும் கீழே வால்வுக்கும் எண் போட்ட பிளாஸ்டிக் சீல். எந்த டேங்கருக்கு எந்த எண் என்று புத்தகத்திலும் ரசீதிலும் எழுத வேண்டும். சுத்திகரிப்பு ஆலையின் கேட்டில் கார்டு ஏணியில் ஏறி அந்த எண்ணைச் சரிபார்த்த பிறகுதான் சாம்பிளே எடுப்பார்கள்.

சாம்பிளில் தனிக் கொழுப்பு அமிலம் (எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதன் அளவு) 5 சதவீதத்துக்கு மேல் போனால் விலையில் வெட்டு. அந்தச் சண்டையில் சீல்தான் சாட்சி. சீல் சரியாக இருந்தால் குறை ஆலையுடையது, இல்லையென்றால் வழியில் யாரோ எண்ணெயை எடுத்துவிட்டு எதையோ ஊற்றியிருக்கிறார்கள். பாதை ஓரத்தில் டேங்கர் நின்று எண்ணெய் இறங்குகிற கதை எங்கள் பக்கத்துச் சாப்பாட்டுக்கடையில் உட்கார்ந்தால் மாதம் ஒன்று கேட்கலாம்.

அந்த பிளாஸ்டிக் சீலை ஒரு குழந்தை வெட்டிவிடும். பலம் இல்லாத சீல் எதற்கு என்று அப்போது நினைப்பேன். மேனேஜர் தமிழர், கடுமையான ஆள். “அது கதவைப் பூட்ட இல்லடா, பொய்யப் பூட்ட” என்பார். ரொம்ப சினிமா வசனம்தான், ஆனாலும் மறக்கவில்லை.


22 பிப்ரவரி

மேலே சொன்னதில் ஒன்று சேர்க்க வேண்டும், இல்லையென்றால் எல்லா சீலும் பேருக்குத்தான் என்று ஆகிவிடும். பலத்துக்கென்றும் சீல் உண்டு. ஐ.எஸ்.ஓ. 17712 என்ற அனைத்துலகத் தரம், அதன் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில், சீல்களை மூன்று வகையாகப் பிரிக்கிறது. தொட்டதைக் காட்டிக்கொடுக்க மட்டும் உள்ளது ‘ஐ’. கொஞ்சம் தாங்குவது ‘எஸ்’. உயர் பாதுகாப்பு ‘எச்’. உங்கள் போல்ட் சீலின் தலையிலும் குப்பியிலும் அந்த எச் இருக்கும், தேடிப் பாருங்கள்.

எச் என்று பேர் வாங்க, இழுத்துப் பார்க்கும் சோதனையில் குறைந்தது 10 கிலோநியூட்டன் தாங்க வேண்டும். சுமார் ஒரு டன்னைத் தொங்கவிட்ட பளு. எஸ் வகைக்கு 2.27 போதும். வெட்டுவது, வளைப்பது, அடிப்பது என்று வேறு சோதனைகளும் உண்டு. அமெரிக்கா போகிற சரக்கில் எச் சீல்தான் வேண்டும் என்பது சி.டி.பாட் என்ற அவர்களுடைய சரக்குப் பாதுகாப்பு ஏற்பாடு. 2001 நவம்பரில், அந்த செப்டம்பர் தாக்குதலுக்குப் பின்னால் தொடங்கியது. கையுறையும் மரச்சாமானும் அங்கே போகிறதால், இங்கே இருக்கிற ஃபேக்டரிப் பையன்களும் சீலை ‘பார், சரிபார், இழு, திருகு’ என்று பாடமாக ஒப்பிக்கிறார்கள்.

ஒரு டன் தாங்குகிற சாமானை நாம் கையால் எப்படி வெட்டுகிறோம் என்று ஒருவர் கேட்டார். இழுப்பதும் வெட்டுவதும் வேறு வேறு. அதோடு கட்டர் ஆயிரக்கணக்கான கிலோ அழுத்தத்தை ஒரு கோட்டில் கொண்டுபோய்க் குவிக்கிறது. திருடனிடமும் கட்டர் இருக்கும்தான். ஆனால் அவன் வெட்டினால் அந்த எண்ணோடு இன்னொரு சீல் அவனிடம் இருக்காது.


2 மார்ச்

தம்பி கட்டர் வாங்கிவிட்டார். வாழ்த்து. படம் போட்டிருக்கிறார், கட்டரோடு சீலும், பின்னால் கண்டேனரும். தம்பி, அந்தப் படத்தை எடுத்துவிடு. கண்டேனர் எண்ணும் சீல் எண்ணும் பளிச்சென்று தெரிகிறது. அது உன் ஃபைலில் இருக்க வேண்டிய படம், ஊர் பார்க்க வேண்டியது இல்லை.


13 மார்ச்

நேற்றிலிருந்து நோன்பு. எங்கள் யார்டில் பாதிப் பேர் மலாய்ப் பையன்கள், மதியத்துக்கு மேல் தண்ணீர்கூடக் குடிக்காமல் தகரப் பெட்டிக்குள் மூட்டை தூக்கச் சொல்வது பாவம். கண்டேனர் எல்லாம் காலையிலேயே வரும்படி ஹாலியரிடம் (கண்டேனர் லோரிக் கம்பெனியிடம்) பேசியாகிவிட்டது. பூலாவ் இண்டா துறைமுகத்திலிருந்து எஸ்.கே.வி.இ. நெடுஞ்சாலையில் இறங்கினால் ஜாம் இல்லாவிட்டால் சீக்கிரம் வந்துவிடுகிறார்கள்.

இதை எழுத வந்தது வேறு விஷயத்துக்கு. சீல் வெட்டியதும் கதவை ‘படார்’ என்று திறக்கிறார்கள். கப்பலில் ஆடி, ரோட்டில் குலுங்கி, உள்ளே சரக்கு கதவின் மேல் சாய்ந்திருக்கும். வலப்பக்கக் கதவுதான் முதலில் திறக்கும், அதுதான் இடக்கதவின் மேல் ஏறி மூடியிருக்கிறது. அதன் பின்னாலேயே நடந்து, உடம்பைக் கதவுக்கு மறைவில் வைத்து, ஒரு சாண் திறந்து நின்று பாருங்கள். இரண்டு நெட்டுக் கம்பிகளையும் சேர்த்து ஒரு பெல்ட்டைத் தளர்வாகக் கட்டிவிட்டுத் திறந்தால் இன்னும் நல்லது. உதாரணத்துக்கு, ரப்பர் கட்டி ஒன்று 33.3 கிலோ. 36 கட்டி ஒரு பேலட், 1.2 டன். அது சாய்ந்தால் பிடிப்பதற்கு யாரும் இல்லை.


13 மார்ச், இரவு

கதவில் மண்டையோட்டுப் படம் ஒட்டியிருந்தால் அந்தக் கண்டேனருக்குப் பூச்சி மருந்துப் புகை போட்டிருக்கிறார்கள். மெத்தில் புரோமைடு, அல்லது மாத்திரையிலிருந்து வரும் பாஸ்பின். மெத்தில் புரோமைடுக்கு மூக்கில் தெரிகிற வாசனை கிடையாது, ‘ஒண்ணும் நாத்தம் இல்லையே’ என்று உள்ளே போகாதீர்கள். காற்றோட்டம் விட்ட தேதி எழுதியிருக்கிறதா என்று பார்த்து, எழுதாவிட்டால் ஏஜெண்டைக் கேட்காமல் சீலிலேயே கை வைக்க வேண்டாம். படம் ஒட்டாமலும் வருவது உண்டு. அதனால் எந்தக் கண்டேனராக இருந்தாலும் இரண்டு கதவையும் விரியத் திறந்துவிட்டு ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வாருங்கள். நோன்பாளிகள் நிழலில் உட்காரலாம்.


30 மார்ச்

வெட்டிய துண்டுகளை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் ஸ்டோரில் பழைய மைலோ டின் ஒன்று. ஊசியும் குப்பியும் ஒன்றாக ரப்பர் பேண்டில், டி.ஓ. எண் எழுதிய துண்டுக் காகிதத்தோடு. சரக்கு எண்ணி முடித்து, குறை இல்லை என்று ஆபீஸ் சொல்கிறவரைக்கும் டின்னில். குறை இருந்தால் கேஸ் முடிகிறவரைக்கும்.

எங்கேயாவது ஒரு துண்டு யார்டில் உருண்டு கிடந்தால் அடுத்த லோரியின் டயரில்தான் போய்த் தைக்கும். வெட்டின ஊசி முனை ஃபோர்க்லிஃப்ட் டயரையும் விடாது. சக்கரம் வைத்த காந்தக் கட்டை ஒன்று வாங்கினோம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் இழுத்தால் ஆணி, ஸ்டேப்பிள், சீல் துண்டு எல்லாம் வருகிறது. ஒரு தடவை யாருடைய மோதிரமோ வந்தது. தங்கம் இல்லை என்று அதிலேயே தெரிந்துபோனது.


27 ஏப்ரல்

சுங்கை பட்டாணிக்காரர் திரும்ப வந்திருக்கிறார். உளியை விட்டுவிட்டுக் கட்டருக்கு மாறிவிட்டாராம், ஆனால் கட்டர் இப்போது ஊசியைக் கடித்துப் பிடித்துக்கொண்டு வெட்ட மறுக்கிறதாம். “நீங்க சொன்னது பொய்” என்கிறார்.

கைப்பிடியை மூடி, வாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு வாய்க்கும் நடுவே மயிரிழை வெளிச்சம் தெரியலாம், அதற்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. வாய்க்குப் பக்கத்தில் சரிசெய்கிற போல்ட் இருக்கும், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நெருக்குங்கள். வாய் ஒன்றோடொன்று முட்டும் அளவுக்கு நெருக்கினால் முனை உடையும். ஆணிகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய். பல் ஏற்கெனவே தெறித்திருந்தால் அரம் போட்டுப் பயனில்லை, வாய் மட்டும் தனியாக மாற்ற வேண்டும். நல்ல கம்பெனிக் கட்டருக்கு அந்த வாய் தனியாகக் கிடைக்கும். பாசார் மாலாம் கட்டருக்குக் கிடைக்காது, முழுசாக இன்னொன்று வாங்க வேண்டியதுதான்.